கடையத்து மதினிக்குச் சொல்லாத கடை

கடையத்தில் என் மதினி வீட்டு வாசல். கதவு திறந்தே கிடந்தது. உள்ளே மிக்சி ஓடுகிற சத்தம். படிக்குக் கீழே நானும் என் வீட்டுக்காரரும் நின்றுகொண்டிருந்தோம். மலைப்பக்கமிருந்து சாரல் ஒரு தடவை தூவிவிட்டுப் போயிருந்ததில் செருப்பெல்லாம் சேறு.

அவர் கையில் தாம்பாளம். குங்குமம், கற்கண்டு, வெற்றிலை பாக்கு, ஒரு சீப்பு கோழிக்கூடு பழம், மேலே ஓர் அழைப்பிதழ். திருட்டுச் சாமானைக் கைப்பற்றி ஸ்டேஷனுக்குக் கொண்டுபோகிறவர் மாதிரி அதை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தார்.

கூப்பிடுங்கள் என்றேன். நீ கூப்பிடு என்றார். உங்கள் அக்காதானே என்றேன். உனக்கு மதினிதானே என்றார். இப்படி நாங்கள் வழக்காடிக்கொண்டிருக்கும்போதே மிக்சி நின்றுவிட்டது.

"யாரு அங்கன?"

அந்த ஒரு குரலுக்கு, வாழ்நாளெல்லாம் போலீஸில் இருந்த மனிதர் எனக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

கடை திறந்து சில வாரம் ஆகியிருந்தது. அதன் திறப்பு விழாவுக்குத்தான் அன்றைக்கு அழைக்கப் போயிருந்தோம். புத்தி பிசகிவிட்டதா என்று கேட்பீர்கள். கொஞ்சம் பின்னால் போனால்தான் விளங்கும்.

மைக் இல்லாத ஏட்டையா

போன வாரம் இவருடைய மீசையைப் பற்றி எழுதப்போய், வீட்டில் எனக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை இல்லாமல் போனது. இந்த வாரம் மீசையை விட்டுவிடுகிறேன். குரலைப் பற்றி மட்டும்.

என் வீட்டுக்காரர் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். இலத்தூரில் அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் மட்டும்தான் இருக்கிறது. ஊருக்கு ஏட்டையா, எனக்கும் ஏட்டையா. குற்றாலத்தில் சீசன் வந்தால் அவருக்கு மெயின் அருவியில்தான் டூட்டி. அதுவும் மைக் டூட்டி.

"ஆண்கள் பகுதியில் நிற்பவர்கள் அடுத்தவர்களுக்கு வழிவிடவும். எண்ணெய் தேய்த்துக்கொண்டோ சோப்பு எடுத்துக்கொண்டோ அருவிக்கு வரக் கூடாது. மஞ்சள் சட்டை போட்ட சிறுவன் தன் அப்பாவைத் தேடி இங்கே நிற்கிறான். அப்பா குளித்தது போதும்." அருவி இரைச்சலுக்கு மேலே ஏறி நிற்கிற குரல் அது. தென்காசி மார்க்கெட்டில் அவர் கத்தரிக்காய் விலை கேட்டால், முன்னேபின்னே தெரியாதவர்கள் திரும்பிப் பார்த்து, ஐயா அருவியில் பேசுவீர்களே என்று கேட்பார்கள். அன்றைக்கு வீட்டில் காப்பி கூட ஒரு தம்ளர் அதிகமாகக் கேட்பார்.

ஓய்வு பெற்றதும் மைக் போய்விட்டது. குரல் போகுமா? அது என் தலையில் விடிந்தது. அடுப்படியில் கூட்டம் சேரக் கூடாது, குழாயைத் திறந்து வைத்துவிட்டு போன் பேசக் கூடாது என்று காலையிலிருந்து அறிவிப்பு. கூட்டம் என்று அவர் சொன்னது நானும் பூனையும்.

அந்தக் குரல்தான் அவருடைய அக்காவோடு பேச்சு முறியக் காரணம். கடையத்துக்காரி, பெயர் கோமதி. அவருடைய கடைசி சீசனில் மதினி தன் தெருப் பெண்களை வேன் வைத்துக் கூட்டிக்கொண்டு அருவிக்கு வந்திருந்தாள். தம்பி டூட்டியில் இருக்கிற தைரியத்தில் ஒரு சோப்பை மடியில் முடிந்துகொண்டு போய்விட்டாள். மைக்கில் வந்தது அறிவிப்பு: "பச்சைச் சேலை உடுத்தியிருக்கும் அம்மா, சோப்பை வெளியே கொண்டுவந்து ஒப்படைக்கவும்."

அக்கா என்று தெரிந்துதான் சொன்னார். தெரிந்தும் விட்டுவிட்டால் நாலு பேர் கேட்பார்கள் என்பது அவருடைய கட்சி. தெருவே பார்க்கத் தன் மானம் போய்விட்டது என்பது மதினியுடைய கட்சி. அன்றோடு போக்குவரத்து நின்றது.

பீடித்தட்டை இறக்கியவள்

எனக்குத் தெரிந்த வித்தை ஒன்றே ஒன்று, முந்திரிக்கொத்து. பாசிப்பயறை வறுத்துத் திரித்து, எள்ளும் தேங்காயும் ஏலமும் சேர்த்துக் கருப்பட்டிப் பாகில் உருட்டி, அரிசிமாவில் முக்கி எண்ணெயில் போடுவது. மூன்று உருண்டை சேர்ந்து கொத்தாகக் கிடக்கும். முந்திரி ஒன்றுகூட இருக்காது. பின்னாளில் ஒரு வடநாட்டுப் புண்ணியவான் பாக்கெட்டைப் பிரித்துப் பார்த்து, முந்திரி எங்கே, மோசடி என்று ஒரே ஒரு நட்சத்திரம் போட்டான். ஏட்டையா அவன் பேரில் புகார் கொடுக்கப் புறப்பட்டதைத் தடுக்க நான் பட்ட பாடு தனிக்கதை.

சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் என் மகள் முத்து, லீவுக்கு வந்தபோது போனிலேயே ஒரு கடை கட்டிக் கொடுத்தாள். 'ஏட்டையா வீட்டு முந்திரிக்கொத்து' என்று பெயர். எங்கிருந்து வேண்டுமானாலும் ஆர்டர் போடலாம். நாங்கள் தென்காசியில் கூரியரில் சேர்த்துவிட வேண்டியது.

உருட்டவும் பொரிக்கவும் கூட ஆள் வேண்டுமே. புஷ்பத்தைக் கூப்பிட்டேன். அவள் கடையத்தில் மதினி வீட்டுக்குப் பின்தெருவில் பிறந்து, இலத்தூரில் வாழ்க்கைப்பட்டவள். புருஷன் இல்லை. பீடி சுற்றித்தான் பிழைப்பு. தூள் வாடையில் அவளுக்கு இருமல் வந்து, சர்ச்சில் பாட்டுப் பாடுவதையே விட்டுவிட்டாள். நம்பி வா, பீடித்தட்டை இறக்கி வை என்றேன். பரண்மேல் ஏற்றிவிட்டே வந்தாள்.

வந்தவளுக்கு வேலை இல்லை. மகள் என்னென்னவோ விளம்பரம் போட்டுப் பார்த்தாள். போட்டோவைப் பார்த்து இதயம் போட்டவர்கள் உண்டு; வாங்கினவர் இல்லை. ஒருநாள் சென்னையிலிருந்து முதல் ஆர்டர் வந்தது. புஷ்பம் கர்த்தருக்குத் தோத்திரம் சொல்லிப் பொட்டலம் கட்டினாள். விசாரித்தால், மகள்தான் தன் தோழி பெயரில் போட்டிருக்கிறாள். புஷ்பத்திடம் அதை நான் சொல்லவில்லை.

ஆடி முழுக்க இப்படியே போயிற்று. ஆவணிக்குள் வழி பிறக்காவிட்டால் புஷ்பத்தை மறுபடியும் அந்தத் தட்டுக்கு முன்னால் உட்கார வைத்த பாவம் என்னைச் சேரும். ராத்திரி படுத்தால் அவள் இருமல்தான் காதில் கேட்டது.

சொன்னால்தான் சொன்னது

ஆவணி பிறந்ததும் தென்காசியில் ஒரு கல்யாணம். பந்தியில் பாதி இலை காலி. பெண்ணின் அப்பா பத்திரிகையைப் படம் பிடித்து வாட்ஸப்பில் எல்லாருக்கும் அனுப்பியிருந்தார். வராதவர்களில் ஓர் அண்ணாச்சியை மறுநாள் பஸ் ஸ்டாண்டில் பார்த்து ஏன் வரவில்லை என்று கேட்டேன்.

"படம் வந்துச்சு தாயி. யாரும் சொல்லலியே?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. இங்கே ஒரு விசேஷத்தைச் 'சொல்லுவது' என்றால், புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து தட்டோடு வீட்டுக்கு வந்து, குங்குமம் கொடுத்து, எல்லாரும் வந்துவிட வேண்டும் என்று வாயால் சொல்ல வேண்டும். மற்றதெல்லாம் சேதி. போனில் கடை இருப்பதை நான் யாருக்குச் சொன்னேன்? ஒருத்தருக்கும் சொல்லவில்லை!

ஏட்டையாவிடம் யோசனையைச் சொன்னேன். நெடுநாளைக்குப் பிறகு அவர் முகத்தில் களை வந்தது. பந்தோபஸ்துக்குப் படம் போடுவது போல இலத்தூர், செங்கோட்டை, தென்காசி, திருவேங்கடம் வரைக்கும் வழி போட்டார். கடையத்தை மட்டும் விட்டுவிட்டார்.

கூடப் பிறந்தவளுக்குச் சொல்லாமல் ஊருக்கெல்லாம் சொன்னால் நன்றாகவா இருக்கும் என்று கேட்டேன். வாசலில் வைத்துக் கதவைச் சாத்தினால் யாருக்கு அவமானம் என்று கேட்டார். அவர் வராமல் நான் மட்டும் போய்ச் சொன்னால் அது சொன்னதாகாது. அதனால் கடையம் விட்டுப்போயிற்று.

மகள் அழைப்பிதழ் அச்சடித்து அனுப்பினாள். மூலையில் கட்டங்கட்டமாக ஒரு க்யூஆர் கோடு. போனைக் காட்டினால் கடை திறந்துகொள்ளுமாம்.

முதல் வீடு இலத்தூரிலேயே, எனக்குச் சித்தி முறை. தட்டைப் பார்த்ததும், உன் மகளுக்குத்தான் கல்யாணம் ஆகிவிட்டதே, யாருக்கு விசேஷம் என்று கேட்டாள். கடை திறக்கிறோம் என்றேன். எங்கே என்றாள். போனில் என்றேன். அவள் ஏட்டையாவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, என்னைத் தனியாக அடுப்படிக்குக் கூப்பிட்டு, ரிட்டயர் ஆனதிலிருந்து நன்றாகத் தூங்குகிறாரா என்று விசாரித்தாள்.

ஆனாலும் எல்லா வீட்டிலும் குங்குமத்தை எடுத்துக்கொண்டார்கள், கற்கண்டை வாயில் போட்டுக்கொண்டார்கள். ஏட்டையா ஒவ்வொரு வாசலிலும் முழுக்குரலில் அறிவித்தார். "வெள்ளிக்கிழமை காலை திறக்கோம். எல்லாரும் இருந்த எடத்துலயே இருந்து ஆர்டர் போடணும்." எதிர்வீட்டுக்காரர்களும் வெளியே வந்து, எங்களுக்கும் சொன்னதாக வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்கள்.

ரிப்பன் எங்கே?

வெள்ளிக்கிழமை காலை. குளித்துவிட்டு, போனுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, ஆர்டர் வருகிறதா என்று நானும் புஷ்பமும் பார்த்துக்கொண்டிருந்தோம். போனில் ஒன்றும் வரவில்லை. வாசலில் ஒரு வேன் வந்தது.

திருவேங்கடத்து மாமா குடும்பத்தோடு இறங்கினார். அவர் பின்னாலேயே ஷேர் ஆட்டோ. அப்புறம் இன்னொரு வேன். கையில் குத்துவிளக்கு, சுவர்க் கடிகாரம், லட்சுமி படம். தட்டு வைத்துச் சொன்ன பிறகு வீட்டிலேயே இருந்தால் மரியாதையா என்று நினைத்துவிட்டார்கள். இருந்த இடத்திலேயே இருக்கச் சொன்னதைத் தன்னடக்கமாக எடுத்துக்கொண்டார்கள்.

மாமா ரிப்பன் எங்கே என்று கேட்டார். ஏட்டையா வேறு வழியில்லாமல் என் தலைப்பின்னல் ரிப்பனை எடுத்து, போனைச் சுற்றிக் கட்டிக் கொடுத்தார். மாமா கத்தரிக்கோலால் வெட்டினார். எல்லாரும் கைதட்டினார்கள். பிறகு பந்தி எங்கே என்று பார்த்தார்கள்.

சோறு பொங்கவில்லை. விற்பதற்கென்று பொரித்து வைத்திருந்த முந்திரிக்கொத்து டின் டின்னாக இருந்தது. இலை போட்டு அதைத்தான் வைத்தேன். நன்றாக இருக்கிறது, நன்றாக இருக்கிறது என்று காலி செய்துவிட்டு, தாம்பூலப்பைக்கும் கொஞ்சம் வாங்கிக்கொண்டு வேன் ஏறினார்கள்.

அதற்குப் பிறகும் ஆர்டர் இல்லை. வந்து தலையைக் காட்டியாகிவிட்டது, பரிசு கொடுத்துச் செய்முறையும் முடிந்தது, இனி எதற்கு ஆர்டர் போடுவார்கள்? சாயங்காலம் மகள் வீடியோவில் வந்தாள். அத்தனை அழைப்பிதழில் ஒருவர்கூடவா ஸ்கேன் பண்ணவில்லை, மிச்சம் இருந்தால் ஒன்றைக் காட்டுங்கள் என்றாள். ஏட்டையா பெருமையாக எடுத்துக் காட்டினார்.

நாலு மூலையிலும் மஞ்சள். மங்கல காரியம் ஆயிற்றே என்று குழைத்துத் தடவியிருக்கிறார். மற்றவர்களைப் போல விரல் நுனியில் தொட்டு வைக்கிற ஆளா அவர்? க்யூஆர் கோடு இருந்த மூலைக்கு நன்றாகவே பூச்சு. எந்தப் போன் அதைப் படிக்கும்? மகள் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன்.

புஷ்பம் சிரிக்கவில்லை. காலி டின்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்தபடி நின்றாள்.

"யக்கா, திங்கக்கெழம பீடிக் கம்பெனிக்குப் போயி எலயும் தூளும் வாங்கிட்டு வரட்டா?"

கோபமாகக் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அனுமதி கேட்கிற மாதிரி கேட்டாள். இன்னும் ஒரு வாரம் பொறு என்றேன், எந்தத் தைரியத்தில் என்று தெரியாமல்.

அத்தைக்கு ஏன் சொல்லவில்லை?

அந்த வாரத்தில்தான் போன் மணி அடிக்க ஆரம்பித்தது. முதலில் மும்பையிலிருந்து ஒரு பெண். ஏட்டையாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி மகள். இதுதான் ஏட்டையா வீட்டு முந்திரிக்கொத்தா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

"கோமதி அத்தைக்கு ஏன் சொல்லாம விட்டீங்க? அத்த அழுதுக்கிட்டே சொல்லுதா."

விட்டுப்போயிற்று என்று இழுத்தேன். அவளுக்கும் என்னைக் கேட்டது சங்கடமாகிவிட்டது. சங்கடத்தை மறைக்க அரைக் கிலோ ஆர்டர் போட்டாள்.

பிறகு சார்ஜா, கோயம்புத்தூர், பெங்களூர். மிலிட்டரியில் இருக்கிற கொழுந்தன் பிள்ளை ஒருவன் ஜம்முவிலிருந்து கூப்பிட்டான். எல்லாரும் பஞ்சாயத்துப் பேசத்தான் வந்தார்கள். அப்படி என்ன பெரிய கடை, கூடப் பிறந்தவளையே மறக்கிற அளவுக்கு என்று தேடிப் பார்த்திருக்கிறார்கள். தேடினால் பொன்னிறத்தில் பொரித்த கொத்தின் படம். நாக்கில் ஊறாமல் இருக்குமா? ஊரைவிட்டுப் போய் எத்தனை காலமாயிற்று என்று சொல்லிக்கொண்டே வாங்கினார்கள். ஆர்டரோடு குறிப்பு எழுதுகிற இடத்தில் ஒருவர், காரம் வேண்டாம் என்று எழுதுவது போல, 'அத்தையைச் சமாதானப்படுத்தவும்' என்று எழுதியிருந்தார்.

நாங்கள் தட்டோடு ஏறி இறங்கிய வீடுகளிலிருந்து ஒன்றும் வரவில்லை. சொல்லாமல் விட்ட ஒரே வீட்டிலிருந்து உலகம் பூராவும் சேதி போய்விட்டது. புஷ்பத்துக்குக் கை ஓயாத வேலை. உதவிக்கு இன்னொரு பெண்ணையும் அவளே கூட்டி வந்தாள்.

எனக்குக் கொள்ளை சந்தோஷம். ஏட்டையாவுக்குத்தான் சோறு இறங்கவில்லை. எங்க அக்கா அழுகிறாளாமே, அழுகிறாளாமே என்று வீட்டுக்குள் நடந்தார். ஆர்டர் வரட்டுமே, கொஞ்சம் அழட்டும் என்று நான் வேடிக்கையாகச் சொன்னதற்கு ஒரு பார்வை பார்த்தார். மறுநாள் காலையில் பார்த்தால் தாம்பாளத்தைப் புளி போட்டு அவரே விளக்கிக்கொண்டிருந்தார். மிச்சமிருந்த அழைப்பிதழ் ஒன்றை எடுத்துத் தட்டில் வைத்தார்.

தட்டும் நாங்களும்

இப்படித்தான் அந்த வாசலில் போய் நின்றோம்.

மதினி வெளியே வந்தாள். கையில் மாவு. எங்களைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள்.

"என்னலே, மைக்கக் கொண்டு வரலியா?"

"தப்புதான்க்கா" என்றார். பக்கத்தில் நின்ற எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"சோப்பக் கேட்டதுக்கு நான் கோவப்படலலே. அக்கான்னு ஒரு வார்த்த சொல்லிட்டுக் கேட்டிருக்கலாம்லா? பச்சச் சேலையாம், அம்மாவாம்."

அவர் தட்டை நீட்டினார். கடை திறந்திருக்கிறோம், வந்து விடணும் என்று முறைப்படி சொன்னார். மதினி குங்குமத்தைத் தொடப் போனாள். தொடவில்லை. கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"ஏட்டி, நீயாவது புத்தியுள்ளவன்னு நெனச்சேன். இப்ப இத நான் எடுத்துக்கிட்டா எனக்குச் சொன்னதா ஆயிருமே. அப்புறம் எதச் சொல்லி அழுவேன்?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"எத்தன பேருக்குப் போன் போட்டிருக்கேன்னு நெனைக்க? ஒருத்தர்ட்டயும் வெறுமன அழல. கட பேர ரெண்டு மட்டம் சொல்லிட்டுத்தான் அழுதேன். எழுதிக்கோன்னு சொல்லிட்டு அழுதேன்." மாவுக் கையால் மூக்கைச் சொறிந்துகொண்டாள். "மொதல்ல நெசக் கோவந்தான். பொறவு பின்தெருவுல புஷ்பம் அம்மாவப் பாத்தேன். பிள்ளைக்கு வேல வந்துட்டு, ராத்திரி இருமாமத் தூங்குதான்னு சொல்லுதா. நம்ம கோவம் எதுக்காது ஒதவுதேன்னு விடாமப் பிடிச்சுக்கிட்டேன்."

நான் சிரித்தேன். பிறகு ஏனோ கண் கலங்கிவிட்டது. மதினி அதைக் கவனிக்காதவள் போலத் தட்டை அவர் நெஞ்சோடு திருப்பித் தள்ளினாள்.

"தீவாளி கழிஞ்சு கொண்டுட்டு வா. அதுவரைக்கும் நான் கோவமாத்தான் இருப்பேன். சொந்தக்காரவ பூராவும் பலகாரம் வாங்குத நேரம்லா. இப்ப உள்ள வந்து சாப்பிடுங்க. தெருவுல நிக்காதீங்க, எவளும் பாத்துட்டா யாவாரம் கெட்டுரும்."

உள்ளே போய் உட்கார்ந்தோம். ஆளுக்கொரு தோசை இலையில் விழுந்திருக்கும், மதினியின் போன் அடித்தது. மலேசியாவில் இருக்கிற சின்ன மாமா. தோசைக்கரண்டியை என்னிடம் கொடுத்துவிட்டு அவள் போனைக் காதில் வைத்தாள். வைத்த கணத்தில் குரல் உடைந்தது.

"எப்படி இருக்கேன்னா கேக்கிய? கூடப் பொறந்தவன் கட தொறந்திருக்கான் மாமா. ஊருக்கெல்லாம் தட்டு வச்சிருக்கான். எனக்கு ஒரு வார்த்த சொல்லல. எட்டிக்கூடப் பாக்கல. ஆமா, ஏட்டையா வீட்டு முந்திரிக்கொத்துன்னு பேரு…"

ஏட்டையா தோசையை விட்டுவிட்டு எழுந்திருக்கப் பார்த்தார். மதினி அழுதுகொண்டே தம்பியின் மணிக்கட்டைப் பிடித்து உட்கார வைத்தாள். பேசி முடிக்கிற வரைக்கும் அந்தக் கையை அவள் விடவில்லை.